‘ப்ஸ்மித் இன் தி சிட்டி’: படிக்கும் முன்னும் படித்த பின்னும் வருகிற கேள்விகள்

முதலில், இது என்ன புத்தகம்?

பி. ஜி. வுட்ஹவுஸ் எழுதிய நகைச்சுவை நாவல். ‘தி கேப்டன்’ என்ற பையன்கள் பத்திரிகையில் 1908 அக்டோபரிலிருந்து 1909 மார்ச் வரை ‘தி நியூ ஃபோல்டு’ என்ற பெயரில் தொடராக வந்தது. 1910 செப்டம்பரில் இப்போதைய தலைப்போடு புத்தகமானது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த இரண்டு பையன்கள் லண்டனில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்கிறார்கள். ஒருவனுக்கு வேலை அவசியம், மற்றவனுக்கு வேலை ஒரு பொழுதுபோக்கு. அந்த இரண்டாமவன்தான் ப்ஸ்மித்.

தலைப்பில் உள்ள ‘சிட்டி’யைப் பொதுவாக நகரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் நெருக்கியடித்து நிற்கிற லண்டனின் பழைய நடுப்பகுதிக்குத்தான் அந்தப் பெயர். ஒரு காலத்தில் சென்னையில் ‘பாரிஸ் கார்னர் பக்கம் உத்தியோகம்’ என்றால் என்ன புரியுமோ, அது.

அவன் பெயரை எப்படித்தான் சொல்வது?

‘ஸ்மித்’ என்றே சொல்ல வேண்டும். முன்னால் இருக்கிற ‘ப்’பை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட வேண்டும். நம்மூரில் குமார் எப்படியோ இங்கிலாந்தில் ஸ்மித் அப்படி. தடுக்கி விழுந்தால் ஒரு ஸ்மித் மேல்தான் விழ வேண்டும். அந்தக் கும்பலில் கரைந்துபோக இவனுக்கு இஷ்டமில்லை. அதனால் தன் பெயருக்கு முன்னால் ஓசையில்லாத ஓர் எழுத்தைத் தானே சேர்த்துக்கொண்டான். அப்பா வெறும் ஸ்மித்தாகவே காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

எழுத்தில் மட்டும் தெரிந்து காதில் விழாத ஜோக் இது. ஆங்கிலத்தில் எடுபடும். தமிழில் எழுதியதைப் படித்தாக வேண்டும். தவிர, சொல்லுக்கு முதலில் ஒற்றெழுத்து வரக் கூடாது என்கிற நம் இலக்கணப்படி ‘ப்’பும் தப்பு, அதை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கிற ‘ஸ்’ஸும் தப்பு. வேறு வழியில்லாமல் ப்ஸ்மித் என்று எழுதுகிறேன், நீங்கள் ஸ்மித் என்று படித்துக்கொள்ளுங்கள். எழுதியவரின் குடும்பப் பெயரும் எழுத்துப்படி பார்த்தால் ‘வோட்ஹவுஸ்’தான், உச்சரிப்புதான் ‘வுட்ஹவுஸ்’. இந்த விஷயத்தில் அவருக்குச் சொந்த அனுபவம் இருந்திருக்கிறது.

கதை என்ன? முடிவைச் சொன்னாலும் பரவாயில்லை.

சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற புத்தகமில்லை இது.

மைக் ஜாக்சன் பிரமாதமான பேட்ஸ்மேன். ப்ஸ்மித்தின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போன இடத்தில் ஒரு மேட்ச் ஆடுகிறான். 98 ரன். பந்து வருகிற நேரம் பார்த்து, பந்து வீசுபவரின் கைக்குப் பின்னால் ஒரு கனவான் குறுக்கே நடந்து போகிறார். மைக்கின் பார்வை சிதறுகிறது, குழந்தைகூட அடிக்கக்கூடிய லாங் ஹாப்பில் ஸ்டம்ப் பறக்கிறது. நடந்துபோன கனவானின் பெயர் ஜான் பிக்கர்ஸ்டைக். ‘நியூ ஏஷியாடிக் பாங்க்’கின் லண்டன் மேனேஜர். நாவல் தொடங்குவதே இப்படித்தான்.

கொஞ்ச நாளில் மைக்கின் அப்பாவுக்குப் பெரிய பண நஷ்டம். கேம்பிரிட்ஜ் கனவு போயிற்று. ஒரு வங்கியில் சேர்த்துவிடுகிறார்கள். எந்த வங்கி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ப்ஸ்மித்தின் அப்பாவோ திடீர் திடீர் ஆசைகளால் ஆட்டிவைக்கப்படுகிற பணக்காரர். மகன் வியாபாரத்தில் பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை வந்து அவனையும் அதே வங்கிக்கு அனுப்புகிறார். இரண்டு பேரும் சேர்ந்து மேனேஜரின் நிம்மதியைக் குலைக்கிறார்கள். கடைசியில், மைக்கின் அண்ணன் ஆடுகிற கவுண்டி அணிக்கு லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு ஆள் குறைகிறது. மைக் ஆபீஸ் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய் சதம் அடிக்கிறான். வேலை போகிறது. ப்ஸ்மித்தின் அப்பாவுக்கு அடுத்த ஆசை வருகிறது: மகன் கேம்பிரிட்ஜில் சட்டம் படிக்கட்டும், பிற்காலத்தில் எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ள மைக்கும் கூடவே படிக்கட்டும். சுபம்.

கதாநாயகன் ப்ஸ்மித்தா, மைக்கா?

அட்டையில் ப்ஸ்மித். படிக்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்வதும் அவனைத்தான். ஒற்றைக் கண்ணாடி, மடிப்புக் கலையாத கோட்டு, மூச்சு விடாத பேச்சு, கோபமே வராத குணம். ஆனால் கதையில் நஷ்டப்படுவதும் பயப்படுவதும் தனியாகக் கிடப்பதும் மைக்தான்.

என் எண்ணம் இது: வுட்ஹவுஸ் அந்த வங்கியில் மைக்காக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ப்ஸ்மித் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று சில வருஷம் கழித்து எழுதிப் பார்த்தார். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ப்ஸ்மித்தின் அட்டகாசங்களுக்கு அடியில் வேறொன்றும் கேட்கும். வேலைக்குப் போன எல்லோரும் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்களை இவன் ஒருத்தன் சொல்லிக்கொண்டே போகிறான்.

அவனால் ஏன் முடிகிறது? அந்தச் சம்பளத்தை நம்பி அவன் இல்லை. அவன் வசீகரத்துக்குப் பின்னால் அப்பாவின் பணம் நிற்கிறது. மைக் அதே வாக்கியத்தைச் சொன்னால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாவலுக்கு இது தெரியும். அதனால்தான் பழி, தண்டனை, விசாரணை எல்லாம் மைக்கின் மேலும் கேஷ் டிபார்ட்மென்ட் வாலரின் மேலும் விழுகின்றன. ப்ஸ்மித்தின் கோட்டில் மைத்துளிகூடத் தெறிப்பதில்லை.

நகைச்சுவை நாவல் என்கிறீர்கள், ஆரம்பம் சோகமாக இருக்கிறதே?

ஆமாம். அந்த அத்தியாயங்களுக்காகத்தான் இந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். மைக் லண்டனுக்கு வந்து இறங்குகிறான். யாரையும் தெரியாது. டல்லிச் என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பது தெரியும், பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று அங்கே அறை தேடுகிறான். கிடைக்கிற அறை அழுதுவடிகிறது. அறையைக் காட்டுகிற அம்மாள் அதற்குமேல். சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பக்கமாகப் போய் நிற்கிறான். இனி அந்த மாதிரி இடம் எதற்குள்ளும் தனக்கு வேலையில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது.

மறுநாள் வங்கி. தபால் பிரிவில் போடுகிறார்கள். வெளியே போகிற கடிதங்களின் விலாசத்தை ஒரு நோட்டில் பதிய வேண்டும், ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், மாலையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முந்தின வருஷம் வரை பள்ளி முழுக்கப் பெயர் தெரிந்த ஆட்டக்காரன்.

நான் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்த முதல் வாரம், கணக்கில் 40 பைசா இடித்தது. கம்ப்யூட்டர் வராத காலம். அந்த 40 பைசாவைத் தேடி ஒன்பது பேர் இரவு எட்டரை மணி வரை பேரேடுகளைப் புரட்டினோம். பையிலிருந்து போட்டுவிடுகிறேன் சார் என்று நான் சொன்னதற்கு அக்கவுன்டன்ட் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது, இன்னும் 38 வருஷம் இப்படித்தானா என்று கணக்குப் போட்டேன். மைக்கின் முதல் நாளைப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பஸ் இருக்கும்.

வுட்ஹவுஸ் நிஜமாகவே வங்கியில் வேலை பார்த்தாரா?

பார்த்தார். ஹாங்காங் அண்ட் ஷாங்காய் பாங்க், லம்பார்ட் தெரு, லண்டன். 1900 செப்டம்பரில் சேர்ந்தபோது 19 வயதுகூட நிரம்பவில்லை. சரியாக இரண்டு வருஷம். லண்டனில் பயிற்சி முடிந்ததும் பையன்களைக் கிழக்கே ஏதாவது ஒரு கிளைக்கு அனுப்பிவிடுவது வழக்கம். கதையில் வருகிற வங்கிக்கும் அதே வழக்கம்தான். சக கிளார்க்குகள் அந்த நாளுக்காகக் காத்திருக்க, இவர் அதை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார். ராத்திரியில் அறையில் உட்கார்ந்து கதை, கட்டுரை, துணுக்கு என்று எழுதி எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 1902 செப்டம்பரில் ‘தி குளோப்’ நாளிதழில் ஒரு பத்தி எழுதுகிற வாய்ப்பு கிடைத்ததும் வங்கிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அவர் அங்கே போய் மாட்டியதற்குக் காரணம் நம்ம ரூபாய். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா ஹாங்காங்கில் மாஜிஸ்திரேட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் ரூபாயில் வந்தது. அந்த ரூபாய் வெள்ளியைப் பிடித்துக்கொண்டிருந்தது, பவுண்டு தங்கத்தை. வெள்ளி விலை சரியச் சரிய, 1870-களின் தொடக்கத்தில் 2 ஷில்லிங் அளவில் இருந்த ரூபாய், 1890-களின் நடுவில் 1 ஷில்லிங் சொச்சத்துக்கு வந்துவிட்டது. அப்புறமும் அதை நம்ப முடியவில்லை. அண்ணன் ஆர்மைன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பையனையும் அனுப்புகிற அளவுக்கு ரூபாய்க்குத் தெம்பு இல்லை என்று வீட்டில் முடிவாயிற்று. எங்கள் வீட்டில் எல்லாருடைய கண்ணும் ரூபாய் மேல்தான் இருந்தது என்று வயதான காலத்தில் வுட்ஹவுஸ் கிண்டலாக எழுதினார். மைக்கின் அப்பாவுக்கு வருகிற திடீர் நஷ்டத்துக்கு மூலம் இதுதான்.

(கொசுறு: அந்த ஆர்மைன் பிற்பாடு தியோசாபிக்கல் சொசைட்டியில் சேர்ந்து, இந்தியாவில் பேராசிரியராக இருந்து, இளம் ஜே. கிருஷ்ணமூர்த்திக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவரானார். அண்ணன் ஞானத்துக்கு, தம்பி சிரிப்புக்கு.)

ப்ஸ்மித் யாரையாவது பார்த்து எழுதிய பாத்திரமா?

ஆமாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். சவாய் தியேட்டர் புகழ் டாய்லி கார்ட் குடும்பத்தின் பையன் ரூபர்ட்டோடு வுட்ஹவுஸின் உறவினர் ஒருவர் படித்தார். அந்தப் பையன் பள்ளிக்கே ஒற்றைக் கண்ணாடியோடு வருவான், எப்படி இருக்கிறாய் என்று ஆசிரியர் கேட்டால் “நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறேன் ஐயா” என்பான். அதைக் கேட்டதே போதுமாக இருந்திருக்கிறது. தன் எழுத்து வாழ்க்கையில் வெள்ளித் தட்டில் வைத்து யாரோ கொடுத்த மாதிரி கிடைத்த ஒரே பாத்திரம் என்பது அவர் கணக்கு.

அவன் எல்லாரையும் ‘காம்ரேட்’ என்கிறானே, கம்யூனிஸ்டா?

சோஷலிஸ்ட் ஆகிவிட்டதாகத் தானே அறிவித்துக்கொண்டவன். அவன் விளக்கப்படி, சொத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும். கையில் கிடைத்ததையெல்லாம் தான் எடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வது முதல் படி. மேனேஜரும் காம்ரேட், பியூனும் காம்ரேட். கேலிதான். ஆனால் ஆளுக்கு ஆள் முதுகை வளைக்கிற அளவு மாறுகிற ஆபீஸில், எல்லாரையும் ஒரே சொல்லால் கூப்பிடுவது நிஜமாகவே கொஞ்சம் ஆபத்தான காரியம்.

நிஜ சோஷலிஸ்டும் கதையில் உண்டு: வாலர். வார நாளில் கேஷ் டிபார்ட்மென்டில் பரம சாது, ஞாயிற்றுக்கிழமை கிளாபம் காமன் திடலில் மேடைப் பேச்சாளர். நல்ல மனிதர். அந்தத் திடல் காட்சியில் இன்னொரு பேச்சாளரின் பேச்சுக் குறைபாட்டை வைத்துச் சிரிப்பு காட்டியிருக்கிறார் வுட்ஹவுஸ். அந்தப் பக்கங்களை இன்று நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

‘வசீகரம்’ என்கிறீர்கள். அப்படி என்னதான் செய்கிறான்?

ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். தபால் பிரிவின் தலைவர் ராசிட்டர். சிடுசிடுப்பு, பரபரப்பு, எதற்கெடுத்தாலும் மேலே புகார். ப்ஸ்மித் சண்டைக்குப் போவதில்லை. பழைய கிளார்க் ஒருவரிடம் துருவிக் கேட்டு, ராசிட்டருக்கு இருக்கிற ஒரே பித்து மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி என்று தெரிந்துகொள்கிறான். (அந்த அணி முதல்முறையாக லீக் சாம்பியன் ஆனது 1908-ல், தொடர் ஆரம்பித்த அதே வருஷம். பத்திரிகை படித்த பையன்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.) கால்பந்தைப் பற்றிப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து, தற்செயலாகச் சொல்வதுபோல அணியின் பெயரைப் போட்டுவைக்கிறான். ராசிட்டரின் முகம் மலர்கிறது. அப்புறம் மணிக்கணக்கில் பேச்சு. மைக் அங்கே இல்லை என்பதைக்கூட அவர் கவனிப்பதில்லை.

இதில் ஏமாற்று இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அந்த மனிதரிடம் அவருக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றி அந்த ஆபீஸில் அதுவரை யாருமே பேசியதில்லை என்பதும் இருக்கிறது.

மேனேஜருக்கு வேறு வைத்தியம். பிக்கர்ஸ்டைக் போகிற அதே கிளப்பில் ப்ஸ்மித்தும் அங்கத்தினன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணாடி வழியாக அனுதாபத்தோடு பார்க்கிறான். அவர் வேறு அறைக்குப் போனால் இவனும் போகிறான். அத்தனை மரியாதை. எந்த விதியை வைத்து அதைத் தண்டிப்பது?

கடைசியில் அவன் செய்வது பிளாக்மெயில் இல்லையா?

அதேதான். வேறு பெயர் கிடையாது. வாலர் ஒரு கள்ளச் செக்குக்குப் பணம் கொடுத்துவிடுகிறார். அவர் தலையில் விழ இருந்த பழியை மைக் தானே ஏற்றுக்கொள்கிறான். மைக்கின் வேலை போகிற நிலை. மேனேஜர் இப்போது கன்சர்வேடிவ் பக்கம் அரசியல் பண்ணுகிறவர். ஆனால் இளவயதில் அவரும் வாலரோடு சேர்ந்து தீப்பறக்கப் பேசிய புரட்சிக்காரர். அந்தப் பேச்சுகளின் பதிவு ப்ஸ்மித்தின் கைக்கு வருகிறது. துருக்கிக் குளியல் கூடத்தில், மேனேஜர் வெறும் துண்டோடு ஆவியில் வெந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சாவகாசமாக எடுக்கிறான். எழுந்து ஓடவும் முடியாது. நியாயமா என்று கேட்டால் இல்லை. சிரிக்காமல் படிக்க முடியுமா என்றால் என்னால் முடியவில்லை.

காதல் இல்லையா?

இல்லை. பையன்கள் பத்திரிகை. ப்ஸ்மித்துக்கு ஜோடி கிடைக்க 1923-ல் வந்த ‘லீவ் இட் டு ப்ஸ்மித்’ வரை காத்திருக்க வேண்டும்.

எந்த வரிசையில் படிப்பது? கிரிக்கெட் தெரிய வேண்டுமா?

ப்ஸ்மித் முதலில் தலைகாட்டியது 1909-ல் புத்தகமான ‘மைக்’ நாவலின் பிற்பாதியில். அது பள்ளிக்கூடக் கதை, கிரிக்கெட் வெறியர்களுக்கு மட்டும். நேராக இதிலேயே ஆரம்பிக்கலாம். அடுத்து நியூயார்க்கில் நடக்கிற ‘ப்ஸ்மித், ஜர்னலிஸ்ட்’, கடைசியில் மேலே சொன்ன 1923 நாவல். கிரிக்கெட் இதில் தொடக்கத்திலும் முடிவிலும்தான். 98-ல் அவுட் ஆனால் வயிறு எரியும் என்பது தெரிந்தால் போதும். அது நம் ஊரில் தெரியாதவர் யார்?

ஆங்கில மூலம் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் கிடைக்கிறது.

தமிழில் மொழிபெயர்க்க முடியுமா?

பெயர் போனால் போகட்டும். பேச்சுதான் சவால். ஒரு சின்ன விஷயத்தை நாலு சுற்று சுற்றி, நாடக பாணியில், பழைய நூல் வாடையோடு சொல்கிறவன் அவன். எதிரில் இருப்பவர் இரண்டே சொல்லில் பதில் சொல்வார். தமிழில் இதற்கு இயல்பான வழி ஒன்று இருக்கிறது: மற்ற எல்லாரும் பேச்சுத்தமிழ், அவன் மட்டும் மேடைத்தமிழ். “லேட்டா வந்துட்டு நிக்கிறியே” என்று ராசிட்டர் கத்த, “தோழர் ராசிட்டர் அவர்களே, காலம் என்னும் காட்டாறு நம் இருவரையும் ஒருங்கே இழுத்துச் செல்கையில்…” என்று இவன் தொடங்க வேண்டும். நான் பத்துப் பக்கம் முயன்று பார்த்தேன். ராசிட்டர் நன்றாக வந்தார்.

வுட்ஹவுஸ் வங்கியில் ஒழுங்காக வேலை செய்தாரா?

காலையில் தாமதத்தைத் தவிர்க்க கோட்டு வால் பறக்க சிட்டி தெருக்களில் அவர் ஓடியதை ஊரே நின்று பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். பகல் சாப்பாடு ஒரு ரொட்டியும் வெண்ணெயும்.

புது லெட்ஜர் கதையையும் அவர்தான் சொல்கிறார். பளபளவென்று ஒரு புது லெட்ஜர் வந்தது. அதன் வெள்ளை வெளேரென்ற முதல் பக்கத்தைப் பார்த்ததும் கை அரித்தது. புது லெட்ஜரின் திறப்பு விழாவை வர்ணித்து ஒரு வேடிக்கைக் கட்டுரையை அதிலேயே எழுதித் தள்ளினார். எழுதி முடித்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. கத்தியை எடுத்துப் பக்கத்தை அறுத்துவிட்டார். தலைமை காஷியருக்கும் லெட்ஜர் சப்ளை செய்கிற கடைக்காரருக்கும் ஏற்கெனவே ஆகாது. முதல் பக்கம் இல்லாத லெட்ஜரைத் தள்ளிவிட்டாயே என்று காஷியர் பாய்ந்தார். நாங்கள் கொடுத்தபோது பக்கம் இருந்தது, இங்கேதான் யாரோ அறுத்திருக்கிறார்கள் என்றார் கடைக்காரர். லெட்ஜரின் முதல் பக்கத்தை அறுக்க ஒரு வடிகட்டின முட்டாளால்தான் முடியும் என்றார் காஷியர். அப்படி யாராவது உங்களிடம் இருக்கிறார்களா என்று கடைக்காரர் கேட்டார். காஷியர் ஒரு நிமிஷம் யோசித்தார். நேர்மையான மனிதர்.

“இருக்கிறான்,” என்றார். “வுட்ஹவுஸ் என்று ஒருத்தன்.”